நாலு எபிசோடும் 108 நாளும்

2023 ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸில் வந்த "தி ஹண்ட் ஃபார் வீரப்பன்" தொடர் மொத்தமே நாலு எபிசோடுதான். ஒரே ராத்திரியில் பார்த்து முடித்துவிடலாம். காடு, துப்பாக்கி, கேசட், கடத்தல்... பார்த்தவுடன் மனதில் நிற்பது "அடுத்து என்ன ஆகும்" என்கிற பதற்றம்தான். இதற்கு முன்பே மக்கள் தொலைக்காட்சியில் வ.கௌதமன் இயக்கிய "சந்தனக்காடு" வந்தது. 2023 டிசம்பரில் ஜீ5-இலும் ஒரு தொடர் வந்தது. ஆக, வீரப்பன் கதைக்கு டிவியில் என்றைக்கும் மவுசு உண்டு.

ஆனால் கடத்தலை திரில்லராகப் பார்ப்பது வேறு, அதை வரலாறாகப் படிப்பது வேறு. சரி, விஷயத்துக்கு வருவோம்.

2000 ஜூலை 30, ராத்திரி. ஈரோடு மாவட்டம் தாளவாடி பக்கம் உள்ள தொட்டகாஜனூர். சொந்த ஊரில் தன் பண்ணை வீட்டில் இருந்த கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திக்கொண்டு போனான். அப்போது ராஜ்குமாருக்கு வயது 71. கூடவே இன்னும் மூன்று பேரையும் கொண்டு போனான். கர்நாடக முதல்வர் எஸ்.எம்.கிருஷ்ணாவிடம் கொடுக்கச் சொல்லி ராஜ்குமாரின் மனைவி பர்வதம்மாவிடம் ஒரு கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போனான்.

வீரப்பன் வைத்த கோரிக்கைகளில் காவிரிப் பிரச்சினைக்குத் தீர்வு, 1991 கலவரத்தில் பாதிக்கப்பட்ட தமிழர்களுக்கு நஷ்ட ஈடு, தடா கைதிகள் விடுதலை எல்லாம் இருந்தன. இன்னொன்று, பெங்களூரில் 1991 முதல் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலையைத் திறக்க வேண்டும் என்பது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே வருஷம் ஜனவரி 1ஆம் தேதிதான் கன்னியாகுமரிக் கடலில் 133 அடி வள்ளுவர் சிலை திறக்கப்பட்டது. கொட்டாரத்திலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்ப் பார்த்துவிடலாம். இங்கே ஊரே கூடித் திறந்த அதே வள்ளுவர், அங்கே ஒரு பணயக்கைதிக்கு விலையாகிப் போனார்!

பெங்களூரில் தியேட்டர்கள் மூடின. படப்பிடிப்புகள் நின்றன. அங்கே வாழ்ந்த தமிழர்களுக்கு 1991 ஞாபகம் வந்தது. ராஜ்குமாருக்கு ஏதாவது ஆகிவிட்டால் தங்கள் கதி என்ன என்ற பயம். காட்டுக்குள் இருந்தது நாலு பணயக்கைதிகள். காட்டுக்கு வெளியே எத்தனை பேர் என்று எந்தத் தொடராலும் எண்ணிக் காட்ட முடியாது.

நக்கீரன் கோபால் தூதராகப் பல முறை காட்டுக்குள் போய் வந்தார். பிறகு பழ.நெடுமாறன் குழு போனது. மைசூர் சிறையில் இருந்த தடா கைதிகளை விட்டுவிடலாம் என்று கர்நாடக அரசு முடிவு எடுத்தது. அப்போது ஒரு பெரியவர் குறுக்கே நின்றார். பெயர் அப்துல் கரீம். 1992இல் வீரப்பன் கும்பலால் கொல்லப்பட்ட போலீஸ் அதிகாரி ஷகீல் அகமதுவின் அப்பா. "மிரட்டலுக்குப் பயந்து வழக்கை வாபஸ் வாங்கக் கூடாது" என்பதுதான் அவர் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் சாரம். 2000 நவம்பர் 7இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. எட்டே நாளில், நவம்பர் 15இல், ராஜ்குமார் விடுதலையானார். மொத்தம் 108 நாட்கள். பணம் கைமாறியது என்று கர்நாடக முன்னாள் டி.ஜி.பி. தினகர் பின்னால் புத்தகமே எழுதினார். அரசுத் தரப்பு மறுத்தது.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 2001இல் அந்த தடா வழக்குகளில் தீர்ப்பு வந்தபோது, குற்றம் சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலானோர் விடுதலை ஆனார்கள். பலர் அதற்குள் எட்டு வருஷம் வரை சிறையில் கழித்திருந்தார்கள். அதிரடிப்படையின் கொடுமைகளுக்கு ஆளான 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் தரச் சொல்லி தேசிய மனித உரிமை ஆணையம் உத்தரவிட்டது 2007இல்தான். மகனை இழந்த அப்பா கேட்டதும் நியாயம். சிறையில் கிடந்தவர்கள் கேட்டதும் நியாயம். திரில்லரில் வில்லன் ஒரு பக்கம், ஹீரோ ஒரு பக்கம். வரலாற்றில் அப்படிக் கோடு போட முடிவதில்லை.

எல்லாக் கடத்தலும் இப்படி முடியவும் இல்லை. 2002 ஆகஸ்டில் கடத்தப்பட்ட கர்நாடக முன்னாள் அமைச்சர் நாகப்பா டிசம்பரில் பிணமாகத்தான் கிடைத்தார். 2004 அக்டோபர் 18இல் வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டான். ராஜ்குமார் 2006இல் காலமானார். பெங்களூர் வள்ளுவர் சிலை 2009 ஆகஸ்ட் 9இல், துப்பாக்கி எதுவும் இல்லாமல், இரண்டு மாநில அரசுகளும் பேசித் திறந்தது. பதிலுக்கு சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. ராஜ்குமார் கடத்தல் வழக்கில் 2018 செப்டம்பரில் கோபிசெட்டிபாளையம் நீதிமன்றம் ஒன்பது பேரையும் விடுதலை செய்தது. 18 வருஷம் கழித்து, சட்டப்படி குற்றவாளி என்று ஒருவரும் இல்லை!

அடுத்து ஏதாவது கடத்தல் தொடர் வந்தால் தாராளமாகப் பாருங்கள் நண்பர்களே. கடைசி எபிசோடு முடிந்ததும் ஒரு நிமிஷம், அந்த அப்துல் கரீமையும் மைசூர் சிறையில் இருந்தவர்களையும் நினைத்துப் பாருங்கள். யாருக்காக நாம் அவ்வளவு நேரம் பதறினோம், யாரை மறந்தே போனோம்?