அவோகாஷிமா

டோக்கியோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 360 கி.மீ. தொலைவில், பிலிப்பைன் கடலில் உள்ள எரிமலைத் தீவு. இசுத் தீவுகளில் மக்கள் குடியிருக்கும் தென்கோடி இதுவே. நடுக்கடலில் இருந்தாலும் நிர்வாகத்தில் டோக்கியோவைச் சேர்ந்தது. சுமார் 170 பேர் வாழும் இவ்வூர், மக்கள்தொகையில் ஜப்பானின் மிகச் சிறிய கிராமம்.

கடலடியிலிருந்து எழுந்த எரிமலையின் தலைப்பகுதிதான் தீவாக வெளியே தெரிகிறது. 423 மீட்டர் வரை உயரும் வெளிவிளிம்புக்குள், சுமார் ஒன்றரை கி.மீ. அகலத்தில் இகேனோசாவா என்னும் பெரும்பள்ளம். அதன் நடுவே மருயாமா என்ற சிறு எரிமலைக் கூம்பு. ஊர் பள்ளத்தில் இல்லை. வடக்கே, விளிம்புக்கு வெளியே மேட்டில் இருக்கிறது. கரையெங்கும் செங்குத்துப் பாறை. மணற்கரை கிடையாது, இயற்கைத் துறைமுகமும் கிடையாது. தீவின் வரலாற்றை எரிமலையை வைத்தே எழுதுவது வழக்கம். ஆனால் அந்த மக்களை எரிமலையைவிட அதிகம் அலைக்கழித்தது படகு ஒதுங்க இடமில்லாத இந்தக் கரைதான்.

குரோஷியோ வெப்ப நீரோட்டத்தால் குளிர்காலத்திலும் கடுங்குளிர் இல்லை. அருகிலுள்ள ஹச்சிஜோஜிமாவில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை சுமார் 18 பாகை; மழை 3,000 மி.மீ.க்கு மேல். இங்கும் நிலைமை ஏறக்குறைய அதுவே. ஜூன், ஜூலையில் மேட்டு ஊரை மூடுபனி சூழ்ந்துகொள்ளும், பிறகு புயல்கள், குளிர்காலத்தில் மேற்குக்காற்றும் பேரலையும். இத்தனை மழை பெய்தும் ஆறு இல்லை, எரிமலை மண் நீரை உறிஞ்சிவிடுகிறது. ஆகவே மலைச்சரிவு ஒன்றில் சிமென்ட் பூசி, அதில் வழியும் மழைநீரைப் பிடித்துக் குடிநீராக்குகிறார்கள்.

1780இல் நிலம் அதிர்ந்து, பள்ளத்திலிருந்த குளங்களில் வெந்நீர் பொங்கியது. 1783இல் வீடுகள் எரிந்தன. 1785 வெடிப்பின்போது ஹச்சிஜோஜிமாவிலிருந்து மீட்புப் படகுகள் வந்தன. இருந்த 327 பேரில் சுமார் 200 பேர் தப்பினர். படகேற முடியாத 130க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தப்பியவர்கள் ஊர் திரும்ப முயன்றபோதெல்லாம் கடல் மறித்தது, படகுகள் கவிழ்ந்து பலர் இறந்தனர். 1817இல் ஊர்த்தலைவரான சசாகி ஜிரோதாயூ திட்டமிட்டு மக்களைக் கொண்டுவந்து சேர்த்தார். 1824இல் அனைவரும் திரும்பினர். மீள்குடியேற்றத்தை அரசு முறைப்படி ஏற்றது 1835இல். வந்துசேர்வது எளிதல்லாத ஊர் என்பதால், தேசியத் தேர்தலில் இத்தீவினர் முதன்முதலில் வாக்களித்ததே 1956இல்தான்.

1785க்குப் பின் எரிமலை வெடிக்கவில்லை. பள்ளத்தில் நிலத்துளைகள் வழியே இன்றும் நீராவி வருகிறது. உள்ளூரார் அதை ‘ஹிங்யா’ என்பார்கள். அதன்மேல் அமைத்த பொது அடுப்பில் முட்டையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வேகின்றன. கடல்நீரை அதே வெப்பத்தில் வற்றவைத்து உப்பும் எடுக்கிறார்கள்.

ஹச்சிஜோஜிமாவிலிருந்து நாளுக்கு ஒரு ஹெலிகாப்டர் வருகிறது, இருக்கைகள் ஒன்பது. கப்பல் வரும் நாளை அலைதான் முடிவு செய்கிறது. தென்மேற்கே சன்போ துறையில் கான்கிரீட் மேடை உண்டு. ஆனால் அங்கும் மீன்பிடிப் படகுகளை நீரில் கட்டிவைக்க முடியாது. கரை திரும்பியதும் பாரந்தூக்கியால் மேலே ஏற்றிவிடுகிறார்கள்.