ஒரே செல், இரண்டு தொடக்கங்கள்

மனித செல்லில் புரதம் உருவாகும் இடங்கள் இரண்டு. சைட்டோபிளாசத்தில் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் உருவாகின்றன; மைட்டோகாண்ட்ரியாவுக்குள் 13 மட்டுமே. ஆனால் அந்த 13 இல்லாவிட்டால் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் எடுக்கும் வேலையே நின்றுபோகும்.

சைட்டோபிளாசத்தில், புரதத்துக்கான செய்தியைச் சுமக்கும் எம்ஆர்என்ஏவின் முனையில் ஒரு வேதித் தொப்பி இருக்கிறது. அதைப் பற்றிக்கொள்ள ஒரு புரதம், மடிந்து கிடக்கும் ஆர்என்ஏவைப் பிரிக்க ஒன்று, அமினோ அமிலத்தைச் சுமக்கும் முதல் டிஆர்என்ஏவை அழைத்துவர இன்னொன்று என்று பத்துக்கு மேற்பட்ட காரணிகள் கூடுகின்றன. புரதத்தைக் கட்டும் ரைபோசோமின் சிறிய பாகம் அங்கே ஏறி, ஏயுஜி என்ற தொடக்கக் குறியைத் தேடியபடி நகரும். 1978-இல் இந்தக் கருத்தை முன்வைத்தவர் மெரிலின் கோசாக்.

மைட்டோகாண்ட்ரியாவில் தேடுவதற்கு வழியே இல்லை. தொப்பி கிடையாது, பெரும்பாலான எம்ஆர்என்ஏக்களில் தொடக்கக் குறி முனையிலேயே, அல்லது ஓரிரு எழுத்து தள்ளி, நிற்கிறது. பாக்டீரியாவில் ரைபோசோமைச் சரியான இடத்தில் நிறுத்தும் ஷைன்–டல்கார்னோ வரிசையும் இங்கே இல்லை. பாக்டீரியாவுக்கு மூன்று தொடக்கக் காரணிகள், இங்கே இரண்டே. விடுபட்ட காரணியின் வேலையை, அந்த இரண்டில் ஒன்றான எம்டிஐஎஃப்2 புரதத்தில் கூடுதலாக உள்ள 37 அமினோ அமிலத் துண்டு பார்த்துக்கொள்கிறது.

ஆட்கள் குறைந்ததால் வேலை எளிதாகிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. சுமை முழுவதும் டிஆர்என்ஏவின் தலையில் விழுந்திருக்கிறது. சைட்டோபிளாசத்தில் புரதத்தைத் தொடங்கிவைக்கும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்துக்கு ஒரு டிஆர்என்ஏ, இடையில் சேரும் மெத்தியோனினுக்கு வேறொன்று. மைட்டோகாண்ட்ரியாவில் இரண்டுக்கும் ஒரே டிஆர்என்ஏதான். அது சுமக்கும் மெத்தியோனினில் ஃபார்மைல் தொகுதி ஏறினால் தொடக்கத்துக்குப் போகும். ஏறாவிட்டால் நடுவில் சேரும். அதோடு ஏயுஜியை மட்டும் படித்தால் போதாது: என்டி1 மரபணு ஏயுஏவில் தொடங்குகிறது, என்டி2 ஏயுயுவில். ஏயுஏவைப் படிப்பதற்காகவே அந்த டிஆர்என்ஏவின் ஓர் எழுத்தை இரண்டு நொதிகள் அடுத்தடுத்துத் திருத்துகின்றன.

ஃபார்மைல் ஏற்றும் நொதியின் மரபணுவான எம்டிஎஃப்எம்டி பழுதானால், குழந்தைகளின் மூளையைத் தாக்கும் லீ நோய்க்குறி வரலாம் என்பது 2011-இல் தெரியவந்தது. சைட்டோபிளாசத்தில் உருவாகும் புரதங்களுக்கு இந்த நொதி தேவையே இல்லை.

இன்னொரு வேறுபாடு காயத்தின்போது வெளிப்படுகிறது. பாக்டீரியாவின் புரதங்களும் ஃபார்மைல் ஏறிய மெத்தியோனினில்தான் தொடங்குகின்றன; அதனால் நம் வெள்ளணுக்கள் ஃபார்மைல் ஏறிய புரதத்துண்டைக் கண்டால் பாக்டீரியா வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். பலத்த அடிபட்டுத் திசு சிதைந்தால் மைட்டோகாண்ட்ரியாவின் ஃபார்மைல் துண்டுகள் ரத்தத்தில் கலக்கின்றன. கிருமித்தொற்றே இல்லாத உடலிலும் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் கிளர்ந்தெழுந்து அழற்சியைக் கிளப்புகின்றன.