கடலுக்கு இட்ட வேலி
(இலங்கையில் மீன்பிடி அனுமதிப்பத்திர முறையின் வரலாறு)

நிலத்திற்கு எல்லைக்கல் உண்டு, வேலி உண்டு, உறுதி உண்டு. கடலுக்கோ இவற்றுள் ஒன்றேனும் இல்லை. ஒருவன் இன்று பிடியாது விட்ட மீனை மற்றொருவன் நாளை பிடித்துக்கொள்வான். ஆதலின், எவர், எக்கலத்தில், எவ்வலை கொண்டு, எவ்விடத்தில் தொழில் செய்யலாம் என வரையறுத்தல் கடற்கரைச் சமுதாயங்களுக்கு இன்றியமையாததாயிற்று. அவ்வரையறை அரசின் முத்திரை பெறுமிடத்து அனுமதிப்பத்திரம் எனப்படுகின்றது. இலங்கையில் அஃது எந்நோக்கத்துடன் தோன்றியது, எவ்வாறு மாறியது, எவரைக் காத்தது என்பனவற்றை ஈண்டு ஆராய்வாம்.

தொடக்கத்தில் அரசின் கண் பட்டது மீனன்று, முத்தே. மன்னார்க் குடாவின் முத்துச் சலாபத்தைப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஒருவர்பின் ஒருவராகத் தம் வருவாய்க்கு உரியதாக்கிக்கொண்டனர். ஆங்கிலேயர் காலத்தில் முத்துப் படுகைகள் முன்கூட்டியே பரிசோதிக்கப்பட்டன. சிப்பி முதிர்ந்திருப்பதாகக் கண்ட ஆண்டுகளில் மாத்திரம் சலாபம் அறிவிக்கப்பட்டது. கரை சேர்ந்த சிப்பி மூன்று கூறாக்கப்பட்டு, இரு கூறு அரசுக்கும் ஒரு கூறு குளிகாரருக்கும் படகினருக்கும் சென்றது. வருவாயே இதன் நோக்கமாயினும், முதிராச் சிப்பியைத் தொடலாகாது என்னும் கட்டுப்பாடு இதனுள் அடங்கியிருந்தமை குறிப்பிடத்தக்கது. 1906 ஆம் ஆண்டில் அரசு இச்சலாபத்தை 20 ஆண்டுக் குத்தகையாக ஒரு கம்பனிக்கு அளித்தது. 1906, 1907 ஆகிய ஆண்டுகளில் பெருஞ்சலாபங்கள் நடைபெற்றன. அதன்பின் படுகைகள் வறிதாயின. குத்தகைக் காலம் முடியுமுன்னரே கம்பனி கலைந்தது. உரிமை பெற்றவன் விரும்பினும் கடல் கொடாத காலம் உண்டு என்பதற்கு இது சான்றாகும்.

மீன்பிடியைப் பொறுத்தவரையில், அரசின் சட்டத்திற்கு முன்னரே மரபு வகுத்த ஒழுங்குகள் கரையோரத்தில் நிலவின. நீர்கொழும்புக் களப்பில் கட்டுவலை இடும் உரிமை நான்கு மீனவர் சங்கங்களைச் சார்ந்தது. எவர் எவ்விடத்தில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்வது அவர்தம் வழக்கு. நல்ல இடம் ஒருவனுக்கே நிலைத்துவிடாது முறையே பலர்க்கும் கிடைக்கும். 1958 ஆம் ஆண்டில் அரசு இவ்வழக்கை ஒழிக்காமல், அதனையே பிரமாணங்களாக எழுதி வர்த்தமானியில் வெளியிட்டது. மரபும் சட்டமும் ஒன்றையொன்று தாங்கிநின்ற அரிய நிகழ்ச்சி இதுவாகும்.

இதற்கு மாறான கதையும் உண்டு. தென்கரையிலுள்ள மாவெல்ல என்னும் ஊரில் கரைவலைகள் முறைவைத்து இடப்பட்டன. வலைகளின் தொகையை வரையறுக்கும் விதிகள் இருந்தும், செல்வாக்குடையோர் வற்புறுத்தலால் புதிய வலைகள் பதிவு பெற்றன. 1971 ஆம் ஆண்டளவில் அங்கு 99 வலைகள் இருந்தன. அக்கரைக்கு அவற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே போதுமானதாயிருந்தது. வலை பெருகியதேயன்றி மீன் பெருகவில்லை. ஒவ்வொரு வலைக்கும் முறை வருவது அரிதாகி, பங்காளர் வறியராயினர். விதி எழுதியதனால் மட்டும் கடல் காக்கப்படுவதில்லை என்பது இதனாற் பெறப்படும்.

1940 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க மீன்பிடிக் கட்டளைச் சட்டமே இத்துறையில் நெடுங்காலம் அடிப்படையாய் நின்றது. 1950களின் பிற்பகுதியில் 3½ தொன் இயந்திரப் படகுகள் பரவத் தொடங்கியபோது, பாய்மர வள்ளத்தை மனத்திற்கொண்ட விதிகள் போதாவாயின. கலங்களின் வீச்சு நீள, அயல்நாட்டு எல்லையும் குறுக்கிட்டது. கன்னியாகுமரிக்குத் தெற்கேயுள்ள வாட்ஜ் கடல்மேடையில் இலங்கையின் இழுவைக் கப்பல்கள் தொழில் செய்துவந்தன. 1976 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இந்தியாவும் இலங்கையும் செய்த உடன்பாட்டின்படி, இந்திய அரசின் அனுமதி பெற்ற ஆறு கப்பல்களுக்கு மேற்படாமல், ஆண்டுக்கு 2,000 தொன்னுக்கு மேற்படாமல், மூன்றாண்டுகள் மாத்திரம் அங்குப் பிடிக்கலாம் என்றாயிற்று. பின்னர் அவ்வுரிமையும் அற்றது. இலங்கையும் 1979 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டத்தால் அயல்நாட்டுப் படகுகள் அனுமதியின்றித் தன் நீர்ப்பரப்பில் மீன்பிடித்தலைத் தடுத்தது.

1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டம் பழைய கட்டளைச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது. படகுகளின் பதிவும், குறித்துரைக்கப்பட்ட தொழில்முறைகளுக்கு அனுமதிப்பத்திரமும் கட்டாயமாயின. வெடியும் நஞ்சும் விலக்கப்பட்டன. பவளப்பாறைகளின்மீது செவுள்வலை இடுதல் தடுக்கப்பட்டது. ஆழ்கடலிற் கண்காணிப்புக் குறைவென்று கூறி ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஆம் ஆண்டில் இலங்கை மீனை விலக்கியபோது, அனுமதிப்பத்திரத்திற்குப் புதியதொரு பொருள் பிறந்தது. பிடித்த மீன் முறைப்படி பிடிக்கப்பட்டதே என்று உலகச் சந்தைக்குச் சான்று கூறும் ஆவணமாகவும் அது மாறிற்று. குறைகள் திருத்தப்பட்டபின் 2016 ஆம் ஆண்டில் அத்தடை நீங்கியது.

இனி, நம் வடகடலை நோக்குவாம். கடலடியை வாரிச்செல்லும் இழுவைமடி, மீனோடு மீன்குஞ்சையும் பாசியையும் அள்ளுகின்றது; வழியிலுள்ள வலைகளையும் அறுக்கின்றது. தமிழகக் கரையில், 1983 ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குச் சட்டம் இழுவைப் படகுகளைக் கரையிலிருந்து மூன்று கடல்மைலுக்கு அப்பால் நிறுத்தியது. இராமேசுவரம் பகுதியில் வாரத்தில் மூன்று நாள் இழுவைப் படகுக்கும் நான்கு நாள் நாட்டுப் படகுக்கும் என நாள்முறையும் வகுக்கப்பட்டது. ஆயினும் பாக்கு நீரிணை குறுகியது. போர்க்காலத்தில் நம் மீனவர் பாதுகாப்புத் தடைகளால் கரையிற் கட்டுண்டிருந்தனர். அவர் 2009 ஆம் ஆண்டிற்குப் பின்னர் கடலுக்கு மீண்டபோது தம் நீர்ப்பரப்பில் அயற்கரை இழுவைப் படகுகளைக் கண்டனர். இலங்கைப் பாராளுமன்றம் 2017 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் இயந்திர இழுவைமடி முறையை முற்றாகத் தடைசெய்தது. உள்ளூர் இழுவைப் படகினரையும் இச்சட்டம் கட்டுப்படுத்துவது. அவர்க்கு மாற்றுத்தொழில் காட்டுவதும், எல்லை கடந்து வருவோரைத் தடுப்பதும் உடன்நிகழாவிடின், சட்டத்தின் சுமை ஒரு சாரார்மீதே விழும்.

இவ்வரலாற்றால் ஓர் உண்மை புலனாகின்றது. வருவாய்க்கென எழுந்த அனுமதிப்பத்திரம், வளங்காக்கும் கருவியாகி, எல்லை காட்டும் அடையாளமாகி, சந்தைக்குரிய சான்றாகியது. நீர்கொழும்பில் அது வெற்றிபெற்றமைக்கு, விதியை வகுத்தவரும் அதற்கு அடங்கியவரும் ஒரே களப்பில் வாழ்ந்தமை காரணம். மாவெல்லவில் அது தோற்றமைக்கு, வலை பெருகுவதால் வரும் நட்டத்தைத் தாம் ஏலாதவர் பதிவு வழங்கியமை காரணம். பாக்கு நீரிணையில் இருகரை மீனவரும் பேசுவது ஒரே மொழி. உண்பது ஒரே கடலின் மீன். அவ்விரு சாராரும் ஒருங்கிருந்து ஒப்பும் ஒழுங்கொன்று பிறக்கும்வரை, பதிவுசெய்த வள்ளத்தோடு கடலுக்குச் செல்லும் சிறுமீனவன் அறுந்த வலையோடு திரும்புவது ஒழியாது. கடலுக்கு வேலி இடுவது தாளன்று. அத்தாளை மதிக்கும் மாந்தரே.