பிறபொருளெதிரி: இறால் முதல் குதிரை வரை

குருதிக்குள் புகும் கிருமியையோ நஞ்சையோ இனங்கண்டு பற்றி முடக்கும் புரதமே பிறபொருளெதிரி. 1890 இல் பெர்லினில் எமில் வொன் பேரிங்கும் கிட்டாசாட்டோவும், தொண்டைக்கரப்பானுக்கும் ஏற்புவலிக்கும் பழக்கிய விலங்கின் நீர்ப்பாயம் வேறொரு விலங்கையும் காப்பதைக் காட்டினர். 1904 இல் கேம்பிரிட்ஜின் ஜோர்ஜ் நட்டால் பல நூறு விலங்குகளின் குருதியை ஒப்பிட்டு, உறவு நெருங்க நெருங்க, ஒன்றின் குருதிக்கு எதிரான பிறபொருளெதிரி மற்றதன் குருதியுடன் கலக்கையில் தோன்றும் வீழ்படிவு அடர்வதை நூலாக வெளியிட்டார்.

மட்டக்களப்பு வாவியில் வீசும் ஒரே வலையில், பிறபொருளெதிரி விலங்குக்கு விலங்கு வேறுபடுவது அகப்படும். இறாலுக்குப் பிறபொருளெதிரியே கிடையாது. செம்பு கலந்து மெல்லிய நீலம் காட்டும் அதன் குருதியில் வேறு புரதங்கள் காவல் செய்கின்றன. ஆகவே 1990களில் இலங்கை இறால் பண்ணைகளைத் தாக்கிய வெண்புள்ளி நோயைத் தடுப்பூசியால் அடக்க இயலவில்லை. தொற்றில்லாத குஞ்சும் சுத்தமான நீருமே கைகொடுத்தன. அதே வலையில் விழும் கொடுவாவுக்குப் பிறபொருளெதிரி உண்டு. நான்கு அலகுகள் கூடிய வடிவம் அது. மனிதக் குருதியில் மிகுதியாக உள்ளது ஒற்றை அலகு வகை.

அதே வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை வயல்களில் கண்ணாடி விரியன் தீண்டியவருக்கு, விலங்குகளுக்கிடையேயான இந்த வேறுபாடு உயிர்ப்பிரச்சினை. வைத்தியசாலையில் அவரது குருதியைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்துப் பார்க்கிறார்கள். உறையாவிட்டால் நஞ்சேறியதாகக் கொண்டு ஏற்றப்படுவது குதிரையின் பிறபொருளெதிரி. இந்தியாவில் தயாராகும் இம்மருந்துக்கான நஞ்சில் பெரும்பகுதியை, 1978 இல் தொடங்கிய தமிழ்நாட்டு இருளர் கூட்டுறவுச் சங்கம் தருகிறது. குதிரைப் புரதத்தை மனித உடல் அந்நியமாகவே காண்கிறது. 2011 இல் வெளியான இலங்கை ஆய்வில், மருந்தேற்றிய ஆயிரத்துக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு எதிர்விளைவு தோன்றியது. முன்கூட்டி ஏற்றிய சிறிதளவு அட்ரினலின் கடுமையான விளைவுகளைக் குறைத்தது.

இலங்கை விரியனின் நஞ்சுக்கெனச் செம்மறியாட்டிலிருந்து எடுத்த மருந்தும் பரிசோதிக்கப்பட்டது; 2001 இல் அதன் முடிவு வந்தது. அதிலிருந்த புரதத் துண்டுகள் மிகச் சிறியவை. அவை உடலை விட்டு விரைந்து வெளியேறியதால் நஞ்சு மீண்டும் தலைதூக்கியது.

இந்திய மருந்து இலங்கையின் கூன்மூக்கு விரியன் நஞ்சை முறிக்காது. இலங்கைப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டே மருந்து செய்வது இனியும் தள்ளிப்போடத்தக்கதல்ல. வயலில் பாம்பு தீண்டினால் கட்டுப்போட்டு நேரத்தை வீணாக்காமல், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.