மந்தை இல்லாத மந்தைவெளி

2004 ஜனவரி. சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதிய டெஸ்ட். ஸ்டீவ் வா விளையாடிய கடைசி டெஸ்ட் அது. சச்சின் ஆட்டமிழக்காமல் 241 ரன் எடுத்ததும் அதில்தான். நான் அப்போது பள்ளி மாணவன். அப்பா மூர் பார்க் புல்வெளியில் நூற்றுக்கணக்கான கார்களுக்கு நடுவே எங்கள் காரை நிறுத்திவிட்டு, இறங்கி ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"எங்க ஊர் மாதிரியே இருக்குடா. மாடு நிக்க வேண்டிய எடத்துல கார் நிக்குது."

அப்பா வளர்ந்தது சென்னை மந்தைவெளியில். மாட்டு மந்தைகள் கூடி மேய்ந்த வெளி என்பதால் வந்த பெயர். இன்று அங்கே பறக்கும் ரயில் நிலையம் இருக்கிறது, அடுக்குமாடி வீடுகள் இருக்கின்றன. மந்தையும் இல்லை, வெளியும் இல்லை. அப்பா ஏதோ வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்து மறந்துவிட்டேன். நாங்கள் நின்ற அந்தப் புல்வெளி நிஜமாகவே சிட்னியின் மந்தைவெளிதான் என்பது எனக்குத் தெரியவர ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின்.

தெரியவந்த கதைக்குக் காரணம் ஒரு எக்செல் ஷீட்.

மேற்கு சிட்னியின் ஓரத்தில் எங்கள் சமூகத்துக்கு ஒரு நிலம் உண்டு. எங்கள் பெற்றோர் தலைமுறை ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு வாங்கியது. ஒரு தகரக் கூரை மண்டபம், பின்னால் ஒரு திறந்த புல்தரை, அவ்வளவுதான். அதில் பாதியை ஒரு குழந்தைகள் காப்பகத்துக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடலாம் என்று சங்கத்தில் பேச்சு வந்தது. வரும் வாடகையில் கடனை அடைக்கலாம், மண்டபத்தைப் புதுப்பிக்கலாம். "தம்பி ஐடியில இருக்கான், கணக்கு போடட்டும்" என்று அந்த வேலை என்னிடம் வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு வரவு செலவு, வட்டி, பணவீக்கம் எல்லாம் போட்டு, வண்ண வண்ண வரைபடங்களோடு கூட்டத்தில் காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். கடைசி வரிசையிலிருந்து ஓர் அங்கிள் மட்டும் கேட்டார்:

"ஞாயித்துக்கிழமை அந்தத் தரையில பசங்க கிரிக்கெட் ஆடுறாங்களே, அதுக்கு உன் ஷீட்ல எந்த வரி தம்பி?"

அப்படி ஒரு வரி இல்லை. அதற்கு என்ன விலை போடுவது என்றும் எனக்குத் தெரியவில்லை. இதற்கு முன் பொதுநிலங்களை வைத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடத் தொடங்கினேன். தேடல் என்னை நேராக மூர் பார்க்குக்கே கூட்டிக்கொண்டு போனது.

ஆயிரம் ஏக்கர்

1811-இல் ஆளுநர் லாக்லன் மக்வாரி, சிட்னி நகரத்துக்குத் தென்கிழக்கே 1,000 ஏக்கர் நிலத்தை 'சிட்னி காமன்' என்று ஒதுக்கினார். ஏறக்குறைய 405 ஹெக்டேர். நகரவாசிகள் தங்கள் மாடுகளை மேய்த்துக்கொள்ளலாம். இங்கிலாந்து கிராமங்களின் வழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தார்கள்.

நம் ஊருக்கும் இது புதிதல்ல. தமிழ்நாட்டு வருவாய்த் துறைப் பதிவேடுகளில் மேய்க்கால் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு என்றெல்லாம் பார்க்கலாம். வரி விதிப்புக்குப் புறம்பாக, ஊர்ப் பொதுவுக்கு விடப்பட்ட நிலம் புறம்போக்கு. இன்று அதே சொல்லை ஒருவரைத் திட்டுவதற்குப் பயன்படுத்துகிறோம். யாருக்கும் சொந்தமில்லாதது உருப்படாதது என்று எப்போதோ நமக்குள் தீர்மானித்துவிட்டோம் போலிருக்கிறது. 2017-இல் எண்ணூர்க் கழிமுகத்துக்காக டி.எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்குப் பாடல்' அந்த வசவைத்தான் திருப்பிப் போட முயன்றது.

சிட்னி காமனுக்கு முன்கதையும் உண்டு. மக்வாரி 'ஒதுக்கிய' மண் அவருடையது அல்ல. காடிகல் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடம் அது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. 'எல்லோருக்கும்' என்று ஒரு நிலத்தை அறிவிக்கும்போதே அந்த 'எல்லோரி'லிருந்து சிலரை வெளியே நிறுத்திவிட முடியும். இதை மறந்துவிட்டு மீதிக் கதையைப் படிக்கக் கூடாது.

துண்டு துண்டாக

அந்த ஆயிரம் ஏக்கரை யாரும் ஒரே நாளில் அபகரிக்கவில்லை. ஒவ்வொரு துண்டும் ஒரு நல்ல காரணத்தோடு போனது.

முதலில் தண்ணீர். நகரத்தின் டேங்க் ஸ்ட்ரீம் ஓடை அசுத்தமாகிவிட்டதால், காமனில் இருந்த லாக்லன் சதுப்பு நிலத்திலிருந்து ஹைட் பார்க் வரை சுரங்கம் வெட்டினார்கள். ஜான் பஸ்பி என்ற பொறியாளரின் கீழ் 1827 முதல் 1837 வரை கைதிகள் வெட்டிய சுரங்கம் அது. நீளம் சுமார் 3.6 கிலோமீட்டர். அடுத்து இராணுவம். 1840-களில் விக்டோரியா பாரக்ஸ் எழுந்தது. அங்கிருந்த சிப்பாய்கள் பக்கத்தில் தங்களுக்கென ஒரு கிரிக்கெட் தரையை உண்டாக்கிக்கொண்டார்கள். அதுதான் வளர்ந்து, சச்சினை நாங்கள் பார்த்த மைதானமானது.

1866-இல் காமனின் ஒரு பகுதி பொழுதுபோக்குக்கென ஒதுக்கப்பட்டு, சிட்னி மேயராக இருந்த சார்ல்ஸ் மூரின் பெயரைப் பெற்றது. அதுவே மூர் பார்க். அதில் மிருகக்காட்சிசாலை வந்தது. 1882-இல் வேளாண் சங்கத்தின் கண்காட்சித் திடல் வந்தது. ஈஸ்டர் ஷோ நூறாண்டுக்கும் மேல் அங்கேதான் நடந்தது.

1916-இல் மிருகங்கள் துறைமுகத்தைக் கடந்து டரோங்காவுக்குக் குடிபோயின. யானைகூடப் படகில் போனது. காலியான அந்த இடம் திரும்பவும் புல்வெளியாகிவிடவில்லை. இன்று அங்கே என்ன இருக்கிறது தெரியுமா? சிட்னி கேர்ள்ஸ் ஹை, சிட்னி பாய்ஸ் ஹை. ஆமாம், நம்மில் பலரை நான்காம் வகுப்பிலிருந்தே டியூஷனுக்கு ஓடவைத்த அதே செலக்டிவ் பள்ளிகள். ஒரு காலத்தில் எந்த மாடும் நுழைந்த இடத்துக்குள் இன்று நுழைவுத் தேர்வு எழுதித்தான் போக முடிகிறது.

ஈஸ்டர் ஷோவும் 1998-இல் ஹோம்புஷ்ஷுக்கு நகர்ந்தது. சுற்றுவட்டார மக்களின் எதிர்ப்புக்கு இடையில் அந்தத் திடல் ஒரு சினிமா நிறுவனத்துக்குக் குத்தகைக்குப் போய் ஃபாக்ஸ் ஸ்டூடியோஸ் ஆனது. 'த மேட்ரிக்ஸ்' அங்கே எடுத்த படம்தான். என்னைக் கணினி பக்கம் இழுத்த படம் அது, நான் எப்படிக் குறை சொல்வேன்? ஆனாலும் வரிசையைக் கவனியுங்கள். புல்வெளி, ஆண்டுக்கொருமுறை ஊர் கூடும் கண்காட்சித் திடலானது. அந்தத் திடல், வாயிற்காவலர் நிற்கும் படப்பிடிப்புத் தளமானது. பிறகு இலகு ரயிலுக்காக 2016-இல் பழைய அத்திமரங்கள் பல வெட்டப்பட்டன. அந்த ரயிலில்தான் இன்று மேட்ச் பார்க்கப் போகிறோம்.

மறுபக்கம்

இதை 'பொதுநிலத்தைத் தின்றுவிட்டார்கள்' என்ற ஒரே வரியில் முடித்தால் அது பொய்யாகிவிடும். காமனின் மிகச் சிறந்த பகுதியும் ஒரு மாற்றத்தால் வந்ததுதான்.

தண்ணீர் வேறிடத்திலிருந்து வரத் தொடங்கியபின் லாக்லன் சதுப்புக்குப் பெரிய வேலை இல்லை. குடியேற்றத்தின் நூறாம் ஆண்டையொட்டி ஹென்றி பார்க்ஸின் அரசு அதைப் பூங்காவாக்கியது. வேலையில்லாமல் தவித்த நூற்றுக்கணக்கானோருக்கு அங்கே வேலை கிடைத்தது. 1888 ஜனவரி 26 அன்று சென்டெனியல் பார்க் திறந்தது. 1901-இன் முதல் நாள் ஆஸ்திரேலியக் கூட்டமைப்பு பிரகடனம் செய்யப்பட்டதும் அங்கேதான். சுற்றியிருந்த நிலத்தில் ஒரு பகுதி பின்னால் வீட்டுமனைகளாக விற்கப்பட்டது உண்மை. ஆனால் 189 ஹெக்டேர் இன்றும் நம் கையில் இருக்கிறது. அந்தப் பழைய சதுப்பில் இன்று யாரும் நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், பாய் விரித்துத் தயிர்சாதம் சாப்பிடலாம்.

1980-களிலிருந்து இந்தப் பூங்காவை ஒரு சட்டபூர்வ அறக்கட்டளை பராமரித்துவருகிறது. 2023-இல் மூர் பார்க்கின் 18 குழி கோல்ஃப் மைதானத்தை 9 குழியாகக் குறைத்து, மீதியைப் பொதுப் பூங்காவாக்கப் போவதாக நியூ சவுத் வேல்ஸ் அரசு அறிவித்தது. கோல்ஃப் ஆடுபவர்கள் எதிர்த்தார்கள். சுற்றியுள்ள அடுக்குமாடிகளில் முற்றமில்லாமல் வாழ்பவர்கள் வரவேற்றார்கள். போன துண்டுகளும் சில வேளை திரும்பி வரும்.

ஆக, மாற்றம் நடந்ததா இல்லையா என்று பார்ப்பதைவிட வாசலைப் பார்ப்பது நல்லது. மாற்றத்துக்குப் பின் வாசல் அகலமானதா, குறுகியதா? குறுகினால், அதைத் திரும்ப அகலமாக்க வழி மிச்சமிருக்கிறதா?

ஓர் உயில்

சரி, அரசு நிலத்துக்கு இது பொருந்தும். எங்களுடையது மக்கள் காசு போட்டு, ஒரு நோக்கத்தைச் சொல்லி வாங்கிய நிலம். கொடுத்தவர்கள் நினைத்ததை அடுத்த தலைமுறை மாற்றலாமா? இதற்குப் பதில் சென்னையில் கிடைத்தது.

பச்சையப்ப முதலியார் 1754-இல் பிறந்தவர். ஆங்கிலேயர்களுக்குத் துபாஷாக இருந்து பெரும் செல்வம் சேர்த்தவர். 1794-இல் இறப்பதற்கு முன் எழுதிய உயிலில், சொத்தின் பெரும்பகுதியைக் கோயில் திருப்பணிகளுக்கும் அறங்களுக்கும் விட்டார். ஆனால் பணம் உடனே அறத்துக்குப் போய்ச் சேரவில்லை. பொறுப்பேற்றவர்கள் கையில் ஆண்டுக்கணக்கில் சிக்கிக் கிடந்தது. கடைசியில் வழக்கு சென்னை உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1832-இல் தீர்ப்பு வந்தது. கோயில் கட்டளைகள் தொடர வேண்டும், மிஞ்சும் பணம் கல்விக்குப் போகலாம் என்று வழி பிறந்தது. 1842-இல் பள்ளி திறந்தது. அது கல்லூரியாக வளர்ந்து, 1940-இல் நெரிசலான ஜார்ஜ் டவுனைவிட்டுச் சேத்துப்பட்டின் விரிந்த வளாகத்துக்கு வந்தது. கணிதமேதை ராமானுஜனும் பேரறிஞர் அண்ணாவும் படித்த பச்சையப்பன் கல்லூரி அதுதான்.

உயில் எழுதியபோது பச்சையப்பர் ஆங்கிலப் பள்ளியைப் பற்றி நினைத்திருக்க வாய்ப்பு குறைவு. ஆனாலும் அவருடைய கோயில் கட்டளைகளை யாரும் வெட்டவில்லை, மிஞ்சியதைத்தான் பெரிதாக்கினார்கள். வாசல் கேள்வியை இங்கும் கேட்கலாம். நூறாண்டுக்கும் மேல் அந்த நிறுவனத்தில் இந்துக்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. 1947-இல்தான் எல்லோருக்கும் கதவு திறந்தது. பெயர் மாறவில்லை, அறம் மாறவில்லை, வாசல் அகலமானது. அதனால் அந்தப் பெயர் மங்கிவிட்டதா என்ன? இன்னும் நிறையப் பேர் சொல்லும் பெயரானது.

திரும்பவும் எக்செல்

இவ்வளவும் படித்தபின் என் ஷீட்டைத் திறந்தேன். நான் செய்த தவறு பளிச்சென்று தெரிந்தது. வரும் பணத்தை டாலரில் எழுதியிருந்தேன், போகும் உரிமைகளை எழுதவே இல்லை. மென்பொருள் வேலையில் ஒரு வசதியைத் தூக்குவதற்கு முன் அதை யார் பயன்படுத்துகிறார்கள் என்று பார்ப்போம். அலுவலகத்தில் தினமும் செய்வதை எங்கள் சொந்த நிலத்துக்குச் செய்யத் தோன்றவில்லை.

மூன்று நெடுவரிசைகளைச் சேர்த்தேன். இப்போது யார் வருகிறார்கள்? மாற்றத்துக்குப் பின் யார் வர முடியும்? எத்தனை ஆண்டுகளில் அது நம்மிடம் திரும்பும்? மூன்று வாரம் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் உட்கார்ந்து எண்ணினேன். கிரிக்கெட் ஆடும் பசங்களில் பாதிப் பேர் தமிழர்களே இல்லை. பக்கத்துத் தெருவின் ஆப்கன், நேபாளப் பிள்ளைகள். அதைக் கூட்டத்தில் சொன்னபோது ஒருவர், "அப்போ நம்ம இடம் ஊருக்கே பொதுவா?" என்று கேட்டார். அதற்குமேல் கூட்டம் சூடாகிவிட்டது. நல்லதுதான், முதல்முறையாக உண்மையான கேள்வியைப் பேசினோம்.

இப்போது தீர்மானத்தின் வடிவம் மாறியிருக்கிறது. முப்பது ஆண்டுக்குப் பதில் பத்து ஆண்டுக் குத்தகை. காப்பகம் மூடியிருக்கும் மாலைகளிலும் வாரக் கடைசியிலும் புல்தரை திறந்திருக்க வேண்டும். வாடகை குறையும், கடன் அடையக் கூடுதலாகச் சில ஆண்டுகள் ஆகும். அதை நான் மறைக்கவில்லை, ஷீட்டில் சிவப்பு எழுத்தில் இருக்கிறது. ஓட்டெடுப்பு அடுத்த மாதம். என் பக்கம் ஜெயிக்குமா என்று தெரியாது.

இதைப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பெற்றோர் நன்கொடை கொடுத்த கோயிலோ சங்கமோ பள்ளியோ இருக்கும். அதன் நிலம் யார் பெயரில் இருக்கிறது, விதிமுறையில் நோக்கம் என்று என்ன எழுதியிருக்கிறது, என்று கேளுங்கள். பதிவுபெற்ற அறநிறுவனமாக இருந்தால் ஆஸ்திரேலிய அறநிறுவன ஆணையத்தின் இணையதளத்தில் அடிப்படை விவரங்களை யாரும் பார்க்கலாம். உறுப்பினர் ஆகுங்கள். ஆண்டுப் பொதுக்கூட்டம் சலிப்பாகத்தான் இருக்கும், வடை மட்டும் நன்றாக இருக்கும். ஆனால் குத்தகை ஆண்டுகளைத் தீர்மானிக்கிற கைகள் அங்கேதான் உயர்கின்றன. எங்கள் கூட்டத்தில் முப்பத்தைந்து வயதுக்குக் கீழே நாங்கள் மூன்று பேர். ஓட்டு விழும் நிலமோ எங்களுக்குப் பின்னாலும் இருக்கப்போகிறது.

போன வாரம் அப்பாவிடம் சிட்னி காமன் கதையைச் சொன்னேன். மூர் பார்க்கில் ஒரு காலத்தில் நிஜமாகவே மாடு மேய்ந்ததாம் என்றேன். அவர் பெரிதாக ஆச்சரியப்படவில்லை.

"அதான் அன்னிக்கே சொன்னேனே" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "ஓட்டு எத்தனாந்தேதிடா? நானும் வரேன்."