சிவகாசி வட்டாரத்தில் குழந்தைகளுக்கான தீக்காய அவசர சிகிச்சை

விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசி, நாரணாபுரம், வெம்பக்கோட்டை, சாத்தூர் சுற்றுவட்டாரப் பட்டாசு, தீப்பெட்டி ஊர்களில் விபத்துக்குள்ளாகும் சிறாருக்கான உடனடி மருத்துவம்.

தொடக்கம்: 1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். அடுத்த அரை நூற்றாண்டில் காயமுற்ற குழந்தைகளைப் பற்றிய பதிவுகள் சொற்பம்.

நீதிமன்றக் காலம் (1983–1996): குழந்தைத் தொழிலாளர் எண்ணிக்கையில் கருத்து வேறுபாடு உண்டு. ஸ்மிது கோத்தாரியின் 1983 ஆய்வு சுமார் 45,000 என்றது. 1985 இறுதியில் 327 பதிவுபெற்ற தீப்பெட்டி ஆலைகளில் 27,338 பேர் வேலை செய்ததாகவும், அவர்களுள் 2,941 பேர் குழந்தைகள் என்றும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு குறிப்பிடுகிறது. வீட்டில் நடந்த வேலையும் பதிவுபெறாத ஆலைகளும் இந்த இடைவெளிக்கு ஓரளவு காரணமாகலாம். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1990 அக்டோபர் 31-இல் வந்த தீர்ப்பு, உற்பத்திப் பணியில் குழந்தைகளை ஈடுபடுத்தக் கூடாது என்றது. தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் 50,000 ரூபாய்க் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. 1991-இல் ஒரு பட்டாசு ஆலை வெடித்து, அதிகாரபூர்வக் கணக்குப்படி 39 பேர் இறந்தனர். நீதிமன்றம் தானாகவே இதைக் கையிலெடுத்தது. 1996 டிசம்பர் 10-இல், சட்டத்தை மீறிச் சேர்த்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதியில் செலுத்த ஆணையிட்டது. வெடிமருந்து அறைக்குள் குழந்தை போகாமல் தடுத்ததே இந்த வட்டாரத்தின் மிகப் பெரிய குழந்தை மருத்துவம் எனலாம்.

சிகிச்சை முறை: பெரியவருக்குத் தலை உடற்பரப்பில் சுமார் 9 விழுக்காடு, கைக்குழந்தைக்கு ஏறத்தாழ 18. இதனால் தீக்காயத்தின் பரப்பை அளக்கப் பெரியவருக்கான கணக்கு குழந்தைக்குப் பொருந்தாது. மருத்துவர்கள் லண்ட், பிரௌடர் இருவரும் 1944-இல் வயதுவாரியாக வரைந்த உடற்பரப்புப் படம் இன்றும் பயன்படுகிறது. படம் கைவசம் இல்லாதபோது, விரல்களோடு சேர்த்து அந்தக் குழந்தையின் உள்ளங்கையையே ஒரு விழுக்காடாகக் கொள்வர். ஊசி செலுத்த இரத்த நாளம் கிடைக்காவிட்டால் எலும்பு மஜ்ஜை வழியே திரவம் ஏற்றுவர். குழந்தையின் உடல் விரைவில் குளிர்ந்துவிடும். ஆகவே காயத்தைக் குளிர்வித்தபின் உடலைக் கதகதப்பாகப் போர்த்துவது அவசியம்.

பிற்காலம்: 108 ஆம்புலன்ஸ் சேவை தமிழகத்துக்கு 2008-இல் வந்தது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இறந்தோர் 38 என்றும் 40 என்றும் கூறப்படுகிறது. வேடிக்கை பார்க்கவும் உதவவும் ஓடிவந்தவர்களும் அவர்களுள் அடங்குவர். விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. தீக்காயத்தின்மீது இருபது நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடவிடுவதே இன்றும் முதலுதவி; மாவு, மை, பற்பசை எதுவும் தடவக் கூடாது.