பட்டமளிப்பு போட்டோவுல அப்பா அம்மா எங்கே?

இந்த எபிசோட் ஒரு போட்டோவைப் பத்தி. உங்க வீட்டு ஹால்லயும் இது இருக்கும். கறுப்பு அங்கி, சதுரத் தொப்பி, கையில ரிப்பன் கட்டின சுருள். அங்கி வாடகைக்கு எடுத்தது. சுருளுக்குள்ள பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. ஆனாலும் அம்மா அதை ஃப்ரேம் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டிடுவாங்க. யார் வந்தாலும் முதல்ல காட்டுறது அதைத்தான்.

என் கேள்வி இது: புதுச்சேரி வீடுகளுக்கு இந்த போட்டோ எப்போ வந்துச்சு? பழைய வீடுகள்ல பாருங்க. பிரெஞ்சு ராணுவ உடுப்புல ஒரு தாத்தா இருப்பார். சைகோன்ல ஸ்டுடியோவில எடுத்த குடும்பப் படம் இருக்கும். அங்கி போட்ட படம் மட்டும் அபூர்வம்.

காரணம் எளிமையானது. இந்த அங்கி பிரெஞ்சுக்காரங்க கொடுத்தது இல்ல. ஐரோப்பாவோட பழைய பல்கலைக்கழகங்கள்ல, மதகுருமார் உடையில இருந்து வந்தது. நம்ம பக்கம் அதைக் கொண்டு வந்தது பிரிட்டிஷ் ஆட்சி. 1857-ல கல்கத்தா, பம்பாய், சென்னை மூணு இடத்துலயும் பல்கலைக்கழகம் தொடங்குனாங்க. சென்னையோட முதல் பட்டதாரிகள் ரெண்டு பேருமே யாழ்ப்பாணத் தமிழர்கள்: சி.வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும். பின்னாடி கலித்தொகையைப் பதிப்பிச்ச அதே தாமோதரம்பிள்ளைதான். அவருக்கு ஆரம்பப் பாடம் சொல்லிக் கொடுத்தது அவங்க அப்பா. அந்த அப்பாவை இன்னைக்கு எத்தனை பேருக்குத் தெரியும்?

பாண்டிச்சேரி கதை வேற. இங்க பள்ளிப் படிப்பு இருந்துச்சு, ப்ரெவே தேர்வு, பக்கலோரியா தேர்வு எல்லாம் இருந்துச்சு. 1826-ல தொடங்கின பிரெஞ்சுப் பள்ளி இன்னைக்கும் லிசே பிரான்சேன்னு ஓடிட்டு இருக்கு. ஜிப்மர் தன்னோட வரலாற்றை 1823-ல பிரெஞ்சு அரசு தொடங்கின மருத்துவப் பள்ளியில இருந்து சொல்லுது. சட்டமும் இங்கேயே சொல்லிக் கொடுத்தாங்க. ஆனா சொந்தமா ஒரு பல்கலைக்கழகம் இல்ல.

சரி, படிச்சு முடிச்சா மரியாதை கிடைச்சுதா? பொன்னுத்தம்பி பிள்ளைன்னு ஒரு வழக்கறிஞர். 1873-ல ஐரோப்பிய பாணி ஷூ போட்டுக்கிட்டு நீதிமன்றத்துக்குப் போனார். ஷூ போட்டதே குத்தம்னு நடவடிக்கை எடுத்தாங்க. சட்டம் படிச்சவர், வாதாட உரிமை உள்ளவர், ஆனா கால்ல என்ன போடணும்னு வேற ஒருத்தர் முடிவு பண்றார். அவர் விடல. வழக்கு பாரிஸ் வரைக்கும் போச்சு, ஜெயிச்சார்.

1881-ல ஒரு பிரெஞ்சு ஆணை வந்துச்சு. சொந்த சமூக வழக்கத்தை விட்டுட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குக் கீழ வர விரும்புறவங்க, பதிவு பண்ணி ஒரு குடும்பப் பேரும் எடுத்துக்கலாம். பொன்னுத்தம்பி எடுத்துக்கிட்ட பேர் லாபோர்த். பிரெஞ்சுல அதுக்கு அர்த்தம் ‘கதவு’. அப்படிப் பேர் மாத்தினவங்கள்ல தாழ்த்தப்பட்ட சாதிக்காரங்க நிறைய பேர். குடும்பப் பேர்ங்கிறது ஒருத்தரோட முடியறது இல்லையே, பிள்ளைகளுக்கும் போகும். பிள்ளைங்க எந்தக் கதவுல நிக்கணும்னு பெத்தவங்க எடுத்த முடிவாவும் நான் அதைப் பார்க்கறேன்.

அதே காலத்துல, 1877-ல, கலவை சுப்பராய செட்டியார் மிஷன் வீதியில ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதுதான் கலவைக் கல்லூரி. அங்க படிச்சவர்தான் கனகசபை முதலியாரோட மகன் சுப்புரத்தினம். தமிழ்ப் புலவர் தேர்வுல முதலா வந்தார். 1909-ல, பதினெட்டு வயசுல, காரைக்கால் பக்கம் அரசுப் பள்ளியில தமிழாசிரியர் ஆனார். அந்த வீட்டுல அங்கி போட்டோ இல்ல, ஆனா மாசச் சம்பளம் வந்துச்சு. 1946 வரைக்கும் 37 வருஷம் வாத்தியாரா இருந்தார். நமக்கு அவர் பாரதிதாசன்.

இதுவரைக்கும் நான் சொன்னது எல்லாமே அப்பாவும் மகனும். மகள்கள் எங்க? அதுக்குப் புதுக்கோட்டை போகணும். முத்துலட்சுமியோட அப்பா நாராயணசாமி ஐயர், அந்த ஊர் மகாராஜா கல்லூரியில முதல்வரா இருந்தவர். அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபுல பிறந்தவங்க. அவங்களைக் கல்யாணம் பண்ணினதால அப்பாவை சொந்தக்காரங்க ஒதுக்கி வெச்சாங்க. பொண்ணை ஆம்பளப் பசங்க காலேஜ்ல சேர்க்க ஊர்ல எதிர்ப்பு. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்த பிறகுதான் சேர முடிஞ்சுது. அப்பா முதல்வரா இருந்த காலேஜ்லயே கதை இப்படி! 1912-ல அந்தப் பொண்ணு சென்னை மருத்துவக் கல்லூரியில டாக்டர் பட்டம் வாங்கினாங்க. ஊர் ஒதுக்கி வெச்ச ஒரு கல்யாணத்துக்கு அந்தப் பட்டம்தான் பதில்னு எனக்குத் தோணுது.

திரும்ப பாண்டிக்கு வருவோம். 1954 அக்டோபர் 18, கீழூர்ல ஓட்டெடுப்பு. 178 பிரதிநிதிகள்ல 170 பேர் இந்தியாவோட சேரணும்னாங்க. நவம்பர் 1-ல நிர்வாகம் கை மாறிச்சு. நம்ம பாஷையில சொன்னா, ஒரே ராத்திரியில சிஸ்டம் மைக்ரேஷன். பிரெஞ்சுல படிச்ச அப்பா, இங்கிலீஷ் பாடப் புத்தகத்தோட மகன். 1961-ல தாகூர் கலைக் கல்லூரி வந்துச்சு, சென்னைப் பல்கலைக்கழகத்தோட இணைப்புல. அதோடதான் அந்தக் கறுப்பு அங்கியும் இந்த ஊருக்குள்ள வர ஆரம்பிச்சுது. 1968-ல பெண்களுக்குத் தனியா அரசுக் கல்லூரி. இன்னைக்கு அது பாரதிதாசன் பேர்ல இருக்கு. 1985-ல நாடாளுமன்றச் சட்டம் மூலமா காலாப்பட்டுல புதுச்சேரிப் பல்கலைக்கழகம். ஆக, சொந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துல பட்டம் வாங்குறது இங்க ஏறக்குறைய நாற்பது வருஷப் பழக்கம்தான்.

ஒண்ணு கவனிச்சீங்களா? பட்டமளிப்பு விழாவுல வேந்தருக்கு வேலை இருக்கு, துணைவேந்தருக்கு இருக்கு, பதிவாளருக்கு இருக்கு. பீஸ் கட்டின அம்மாவுக்கு ஒரு வேலையும் இல்ல. பாஸ் கிடைச்சா பின்வரிசையில ஒரு நாற்காலி, அவ்ளோதான்.

ஆனா அரசாங்கத்துக்கு அவங்க முக்கியம்னு ஒரு இடத்துல தெரியுது. தமிழ்நாட்டுல 2010-ல இருந்து முதல் தலைமுறைப் பட்டதாரிக்குத் தொழிற்படிப்புக் கல்விக் கட்டணச் சலுகை இருக்கு. அதுக்கு ஒரு சான்றிதழ் வாங்கணும். ‘இந்தக் குடும்பத்துல இதுக்கு முன்னாடி யாரும் பட்டம் வாங்கல’ன்னு வருவாய்த் துறை எழுதிக் கொடுக்கும். பெத்தவங்க படிக்க முடியாமப் போனதுக்கு ஒரு ஆவணம். பிள்ளை காலேஜுக்குள்ள போக அதையே எடுத்து நீட்டுறாங்க. அதை வாங்க தாலுகா ஆபீஸ் வரிசையில நின்ன அப்பாவுக்குத்தான் அந்த ஹால் போட்டோவோட எடை தெரியும்.

இப்போ ஒரு புது வழக்கம் வந்திருக்கு. விழா முடிஞ்சதும் மைதானத்துல, பிள்ளைங்க அங்கியைக் கழட்டி அம்மாவுக்குப் போட்டு விடறாங்க. தொப்பியை அப்பா தலையில வெச்சு ஒரு க்ளிக். ரீல்ஸுக்காகன்னு சிலர் கிண்டல் பண்றாங்க. பண்ணட்டும். வேந்தர் பட்டியல்ல விட்டுப்போன ரெண்டு பேரை பிள்ளைங்க அங்க சேர்க்கறாங்க. அங்கியைத் திருப்பிக் கொடுக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தா, நீங்களும் ஒண்ணு எடுத்துடுங்க.

உங்க வீட்டுல முதல்ல பட்டம் வாங்கினது யாரு, அவங்களைப் படிக்க வெச்சது யாருன்னு கேட்டு எங்களுக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.